கொம்பு ஊதிய சனிக்கிழமை

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் ஒரு பதிலுக்கு நடுவே, "இலங்கையில் நம் மலைக்குத் துரைமார் வந்த அதே ஸ்கொட்லாந்துக் கரையிலிருந்துதான் வடதுருவப் பக்கம் திமிங்கலம் பிடிக்கவும் கப்பல் போனது" என்று ஒரு வரி எழுதிவிட்டு வேறு விஷயத்துக்குப் போய்விட்டேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இந்த மாதம் ஆறு கடிதங்கள் வந்திருக்கின்றன. முப்பது வருடம் பூகோளமும் வரலாறும் படிப்பித்த எனக்கு இதைவிடச் சந்தோஷம் வேறில்லை. மற்றக் கேள்விகளை அடுத்த மாதம் பார்க்கலாம்.

எங்கள் ஊர்ப் பக்கம் அபர்டீன் அருவி இருக்கிறது. நீங்கள் சொன்ன கரையில் அந்தப் பெயரில் ஊர் இருக்கிறதா, சேர்?
– உயர்தர வகுப்பு மாணவி, கினிகத்தேனை

இருக்கிறது, மகள். ஸ்கொட்லாந்தின் வடகிழக்குக் கரையில், டீ என்ற ஆறு கடலில் சேரும் இடத்தில் இருக்கும் துறைமுகம்தான் அபர்டீன். (தேயிலைக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. ஆற்றின் பெயரே அதுதான்.) அதற்குத் தெற்கே கின்கார்டின் என்ற நாட்டுப்புறம். நம் மலையில் லூல்கந்துர தோட்டத்தில் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்டாரே ஜேம்ஸ் டெய்லர், அவர் பிறந்த மண் அது. 1852இல், பதினேழு வயது நிரம்பும் முன்னே, கோப்பித் தோட்டத்து வேலைக்காக இங்கே வந்து சேர்ந்தார். பீட்டர்ஹெட், அபர்டீன், டண்டி என்று அந்தக் கரை நெடுக அந்தக் காலத்தில் திமிங்கலக் கப்பல்கள் நின்றன.

ஆனால் அபர்டீன் என்றதும் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறவர் ஓர் இளைஞர், வடதுருவப் பக்கத்துப் பூர்வகுடிகளான இனுயிட் மக்களில் ஒருவர். பெயர் ஈனூலூஆபிக். கனடாவின் வடக்கே உள்ள பாஃபின் தீவைச் சேர்ந்தவர். 1839இல் வில்லியம் பென்னி என்ற கப்பல் தலைவர் அவரைச் சந்தித்தபோது வயது இருபதை ஒட்டி இருக்கும். பழைய இடங்களில் திமிங்கலம் குறைந்துபோய், பென்னி புது இடம் தேடிக்கொண்டிருந்த நேரம். 'நான் பிறந்த பக்கம் பெரிய கடற்கழி ஒன்று இருக்கிறது, அங்கே திமிங்கலம் ஏராளம்' என்று சொன்ன அந்த இளைஞர், அதன் கரையை வரைந்தே காட்டினார். பென்னி அவரை அபர்டீனுக்குக் கூட்டிப் போனார்.

அங்கே டீ ஆற்றில் அந்த இளைஞர், தோலாடையோடு கயாக் என்ற ஒற்றையாள் தோல் படகில் உட்கார்ந்து ஓட்டிக் காட்டினார். ஊர் திரண்டு வந்து பார்த்தது. அப்புறம் நெஞ்சில் சளி கட்டி நுரையீரல் நோயாகிப் படுத்துவிட்டார். சாகக் கிடந்து பிழைத்தவரை 1840இல் 'பொன் அக்கோர்ட்' என்ற கப்பலில் ஏற்றி, அவர் காட்டிய வழியில் அந்தக் கழிக்குள் நுழைந்தார்கள். இப்போது உன் அட்லஸில் அது கம்பர்லாந்து சவுண்ட் என்று இருக்கும். 1585இல் ஜோன் டேவிஸ் வந்து பார்த்துவிட்டுப் போனபின் வெள்ளைக்காரர் தொலைத்துவிட்ட இடம். ஈனூலூஆபிக் தன் சனங்களோடு அங்கேயே தங்கிவிட்டார். 1847இல் காசநோய் அவரைக் கொண்டுபோனது.

பாடப் புத்தகத்தில் "கண்டுபிடித்தார்" என்று வரும் இடத்திலெல்லாம், வழி காட்டியது யார் என்று ஆசிரியரைக் கேள். தெரியாவிட்டால் தேடிப் பார்த்துச் சொல்லட்டும்.

அவ்வளவு தூரம் பனிக்குள் போய்ப் பிடிக்கும் அளவுக்குத் திமிங்கலத்தில் என்ன இருந்தது?
– வாசகர், நோர்வூட்

எண்ணெயும் 'எலும்பும்'. வில்தலைத் திமிங்கலம் என்று ஒரு வகை. அதன் தோலுக்கு அடியில் ஒரு முழம் கனத்துக்குக் கொழுப்பு இருக்கும். அதை உருக்கினால் விளக்குக்கும் சவர்க்காரத்துக்கும் எண்ணெய். அதற்குப் பல் கிடையாது. மேல்வாயில் இரண்டு பக்கமும் சீப்புப் போல நூற்றுக்கணக்கான தகடுகள் தொங்கும். சில தகடு பன்னிரண்டு அடி நீளம்கூட இருக்கும். வியாபாரிகள் அதை எலும்பு என்றார்கள்; உண்மையில் நம் நகம் எதனால் ஆனதோ அதனால்தான் அதுவும் ஆனது. வளைத்தால் முறியாது. துரைசாணிமார் கவுனுக்குள்ளே இறுக்கிக் கட்டிய கச்சையின் குச்சி, குடைக்கம்பி, குதிரைச் சாட்டை எல்லாம் அதில்தான் செய்தார்கள். 1900க்குப் பின் உருக்குக் கம்பி வந்து, உடுப்பு நாகரிகமும் மாறியதும், விலை விழுந்து தொழிலும் படுத்துவிட்டது.

இன்னொன்று. டண்டியில் சணல் ஆலைகள் இருந்தன. வங்காளத்திலிருந்து வந்த சணல் நார் முரடாக இருக்குமாம். திமிங்கல எண்ணெயும் தண்ணீரும் தெளித்து ஊறவைத்த பிறகுதான் நூற்க வரும். அந்தச் சணலில்தான் உலகத்துக்கெல்லாம் சாக்கு நெய்தார்கள். எங்கள் அப்பாயி கொழுந்து எடுக்கப் போகும்போது இடுப்பில் சுற்றிக் கட்டும் படங்குச் சாக்கு, மழை நாளில் அடுப்பு மேல் காயப்போட்டால் வரும் அந்த வாடை, எனக்கு இன்னும் மூக்கில் இருக்கிறது. அவர் காலத்துச் சாக்குக்குத் திமிங்கல எண்ணெய் தேவைப்படவில்லை. ஆனாலும் ஒரு சாக்குக்குப் பின்னால் எத்தனை நாட்டு ஆட்கள் நின்றார்கள் என்று நினைக்கும்போது அந்தப் படங்குதான் கண்ணில் வருகிறது.

நான் நாற்பது வருடம் கொழுந்து எடுத்தவள். அந்தப் பனி நாட்டு ஆட்களையும் வெள்ளைக்காரன் நம்மைப் போலத்தான் வேலை வாங்கினானா? அவர்களுக்கும் பெரட்டு, செக்ரோல் எல்லாம் இருந்ததா?
– ஓய்வுபெற்ற தொழிலாளி, பொகவந்தலாவை

அக்கா, உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். காலையில் ஆட்களைக் கூட்டி வேலைக்குப் பிரித்துவிடும் பெரட்டுக் களமும் இல்லை, பேர் பதியும் செக்ரோலும் இல்லை. ஆனால் கொம்பு இருந்தது.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் கப்பல்கள் கோடையில் வந்து, கடல் உறையுமுன் ஓடிவிடும். ஆனால் நல்ல வேட்டை கிடைப்பது வசந்த காலத்தில், கரையோடு ஒட்டிய பனிப்பாளமும் திறந்த கடலும் சந்திக்கும் விளிம்பில். அந்த நேரத்துக்கு ஸ்கொட்லாந்திலிருந்து வந்து சேர முடியாது. அதனால் குளிர்காலத்தை அங்கேயே கழிப்பது என்று முடிவெடுத்தார்கள். 1851இல் ஓர் அமெரிக்கக் கப்பல் பன்னிரண்டு பேரைக் கம்பர்லாந்து சவுண்டில் விட்டுவிட்டுப் போனது. 1853இல் பென்னியே இரண்டு கப்பலோடு வந்து தங்கினார். 1857இல் கெக்கெர்டன் என்ற சிறு தீவில் நிரந்தர நிலையமே போட்டுவிட்டார்கள்.

தங்கினால் எப்படிப் பிழைப்பது? உப்பு இறைச்சியும் பிஸ்கட்டும் மட்டும் தின்றால் ஸ்கர்வி வரும். ஈறு வீங்கி இரத்தம் கசியும், பல் ஆடும், ஆள் செத்தும் போவான். அங்கே தோட்டமும் இல்லை, தேசிக்காயும் இல்லை. இனுயிட் வேட்டைக்காரர் கொண்டு வந்து கொடுத்த புதுச் சீல் (கடல்நாய்) இறைச்சியும், மக்டாக் என்று அவர்கள் சொல்லும் திமிங்கலத் தோலும்தான் மாலுமிகளைக் காப்பாற்றின. அந்தத் தோலில் நோயைத் தடுக்கும் விட்டமின் சி இருக்கிறது. கம்பளிக் கோட்டு அந்தக் குளிருக்கு நிற்காது. கரிபூ மான் தோலில் உடுப்பும் சப்பாத்தும் தைத்துக் கொடுத்தது இனுயிட் பெண்கள். பாரமான படகைப் பனி மேல் மைல் கணக்கில் இழுத்துப் போய் விளிம்பில் சேர்த்தது அவர்களுடைய நாய்கள். அப்புறம் துடுப்புப் போட்டு, ஈட்டி எறிந்து, கொழுப்பு வெட்டியதிலும் அவர்கள் கை இருந்தது.

இப்போது கொம்புக்கு வருகிறேன். ஃபிரான்ஸ் போவாஸ் என்ற ஜெர்மன்காரர், பின்னால் மானிடவியலில் பெரிய பெயர் எடுத்தவர், 1883இல் இருபத்தைந்து வயதில் கெக்கெர்டனுக்குப் போய் ஒரு வருடம் இருந்தார். அவர் எழுதி வைத்திருக்கிறார்: சனிக்கிழமை கொம்பு ஊதுவார்கள். பெண்கள் திமிங்கலக் கம்பனி வீட்டுக்கு வந்து ரொட்டி, கோப்பி, சர்க்கரைப் பாகு, புகையிலை வாங்கிக்கொண்டு போவார்கள். அதற்குப் பதிலாக, கணவன் பிடிக்கும் ஒவ்வொரு சீலிலும் ஒரு துண்டைக் கம்பனிக் குசினிக்குக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும்.

இதை முதல்தடவை படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். தப்புப் பறைச் சத்தம் கேட்டால் எழும்பி ஓடிய பெரட்டும், அரிசி போடும் நாளில் ஸ்டோர் வாசலில் அப்பாயி பையோடு நின்ற வரிசையும் ஒன்றாக வந்து நின்றன. நாலாயிரம் சனம் தின்னும் அரிசியை ஒருத்தன் கையில் வைத்துக்கொண்டு அளந்து போட்டால், அந்தக் கைக்கு என்ன பலம் வரும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் அக்கா, இரண்டும் ஒன்று என்று நான் எழுதினால் அது பிழை. அவர்களை ஒருவரும் கடல் தாண்டி ஏற்றி வரவில்லை. அவர்கள் நின்றது சொந்த மண்ணில். கோடையில் மான் வேட்டைக்குக் காலம் வந்தால் குடும்பத்தோடு உள்நாட்டுக்கு நடந்துவிடுவார்கள், தடுக்க ஆள் இல்லை. நம் ஆட்களுக்கு, கங்காணி 'கடன் தீர்ந்தது' என்று துண்டு எழுதித் தராமல் பக்கத்துத் தோட்டத்துக்கே போக முடியாது. அந்தத் துண்டு முறை ஒழிந்தது 1921இல்தான். வேட்டை நல்லபடி முடிந்தால் அவர்களில் சிலருக்குக் கூலியாக ஒரு திமிங்கலப் படகே கிடைத்தது. படகை வைத்துத் தனக்கே வேட்டையாடலாம். நமக்கு எந்தத் துரை ஒரு துண்டு நிலம் எழுதி வைத்தான்?

அவர்களுக்கு வந்த அழிவு வேறு வழியால் வந்தது. அதை அடுத்த பதிலில் சொல்கிறேன்.

துப்பாக்கி, ஊசி, இரும்புச் சட்டி, படகு எல்லாம் கிடைத்ததே. கூட்டிக் கழித்துப் பார்த்தால் இனுயிட்டுகளுக்கு இது நன்மைதானே?
– ஆசிரியர், மஸ்கெலியா

கிடைத்ததை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஊசியையே எடுத்துக்கொள்ளுங்கள். எலும்பு ஊசியால் தண்ணீர் புகாத தையல் போட்ட பெண்களுக்கு உருக்கு ஊசி ஒரு பொக்கிஷம். ஸ்கொட்லாந்து மாலுமிகள் வாசித்த அக்கோடியனும் கூட்ட நடனமும் பாஃபின் தீவில் இன்றும் இருக்கின்றன. கோதுமை மாவைப் பிசைந்து சட்டியில் சுடும் பானக் என்ற ஸ்கொட்லாந்து ரொட்டியை அவர்கள் தமதாக்கிக்கொண்டார்கள். ரொட்டியும் தேத்தண்ணியும் இல்லாமல் அங்கே விருந்தாளியை அனுப்ப மாட்டார்கள். நம் லயத்துக் காலைச் சாப்பாட்டை நினைத்துப் பாருங்கள்.

ஆனால் கூட்டிக் கழிக்க நீங்கள் சொன்னதால் கழிக்க வேண்டியதையும் சொல்கிறேன். கனடாவின் ஹட்சன் விரிகுடாவில் சவுத்ஹாம்ப்டன் தீவு என்று ஒன்று. அங்கே சாட்லர்மியுட் என்ற ஒரு கூட்டம், மற்ற இனுயிட்டுகளோடும் அதிகம் கலக்காமல் தனியாக வாழ்ந்தது. 1902இல் ஒரு ஸ்கொட்லாந்துத் திமிங்கலக் கப்பல் அங்கே வந்தது. கப்பலோடு நோயும் வந்தது. அந்தக் குளிர்காலம் முடிந்தபோது ஒரு பெண்ணும் நான்கு பிள்ளைகளும் மட்டும் உயிரோடு இருந்தார்கள். ஒரு குளிர்காலத்தில் ஓர் இனத்தின் கதையே முடிந்தது.

மேற்கே, கனடாவின் வடமேற்குக் கரையை ஒட்டிய ஹெர்ஷல் தீவில் 1894–95 குளிர்காலத்தில் மட்டும் பதினைந்து கப்பல்கள் தங்கின. சாராயம், சின்னமுத்து, சளிக்காய்ச்சல். அந்தப் பக்கத்து இனுவியலுயிட் மக்கள் ஆயிரக்கணக்கில் இருந்தவர்கள், 1910 வாக்கில் 150 பேர் அளவுக்குச் சுருங்கிவிட்டார்கள். மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்த பாதையில் வாந்திபேதியில் விழுந்த நம் முன்னோரைப் பற்றி வகுப்பில் படிப்பிக்கிறீர்கள். அதே மனசோடு இந்த எண்ணையும் பாருங்கள். இதற்கு எதிரே ஊசியை வைத்து நிறுக்க எனக்குக் கை வரவில்லை.

அவர்கள் வாயாலேயே ஒரு சாட்சியும் இருக்கிறது. முதல் பதிலில் சொன்ன ஈனூலூஆபிக்கின் தங்கை டூக்கூலிட்டோ. 1853இல் அவரும் கணவர் இபியர்பிங்கும் ஒரு திமிங்கல வியாபாரியோடு இங்கிலாந்துக்குப் போய் விக்டோரியா ராணியையே பார்த்தவர்கள். ஊர் திரும்பிய பின், 1860இல் சார்ல்ஸ் ஃபிரான்சிஸ் ஹால் என்ற அமெரிக்கர் அவர்களைச் சந்தித்தார். தோல் கூடாரத்துக்குள், நல்ல ஆங்கிலத்தில் பேசி, டூக்கூலிட்டோ அவருக்குத் தேநீர் கொடுத்தார். (லூல்கந்துரவில் தேயிலை நட இன்னும் ஏழு வருடம் இருந்தது, நம் கொழுந்து இல்லை.) திமிங்கலக்காரர் பலர் கெட்டவர்கள், வாய் திறந்தால் கெட்ட வார்த்தை, எங்கள் சனங்களையும் அப்படிப் பேசப் பழக்குகிறார்கள், எனக்கு மனவருத்தமாக இருக்கிறது என்று ஹாலிடம் சொன்னார். ஹால் அதை அப்படியே எழுதி வைத்தார். ராணி வீட்டைப் பார்த்து வந்த பெண், யார் நாகரிகம் தெரிந்தவர் என்று அளந்து சொன்ன இடம் அது.

"எஸ்கிமோ" என்று சொல்வது தப்பு என்கிறார்களே, ஏன்?
– வாசகி, தலவாக்கலை

அது வெளியார் வைத்த பெயர். அவர்கள் தங்களை இனுயிட் என்கிறார்கள். 'மக்கள்' என்று அர்த்தம். ஒரு ஆள் என்றால் இனுக். கனடாவில் எஸ்கிமோ என்ற சொல்லை அவர்கள் விரும்புவதில்லை. நாமும் விட்டுவிடுவோம்.

பெயர் என்றதும் இதையும் சொல்ல வேண்டும். கப்பல்காரர் வாயில் டூக்கூலிட்டோ 'ஹன்னா' ஆனார், இபியர்பிங் 'ஜோ' ஆனார். இந்த 'ஜோ'தான் 1872இல் ஹாலின் துருவப் பயணத்துக் கப்பலிலிருந்து பிரிந்து பனிப்பாளத்தில் மாட்டிக்கொண்ட பத்தொன்பது பேருக்குச் சீல் பிடித்துக் கொடுத்தவர். அவரும் கிரீன்லாந்துக்காரர் ஹான்ஸ் ஹென்ட்ரிக்கும். ஆறு மாதத்துக்கு மேல், மூவாயிரம் கிலோமீற்றர் அளவு, உருகும் பாளத்தின் மேல் மிதந்தார்கள். கைக்குழந்தை உட்பட ஒருவரும் சாகவில்லை. அந்தப் பாளத்தில் டூக்கூலிட்டோவும் இருந்தார். அவர் 1876 டிசெம்பர் 31இல் அமெரிக்காவில், கனெக்டிகட்டின் குரோட்டன் என்ற ஊரில் இறந்தார். அதற்கு முன்னமே மூன்று பிள்ளைகளில் ஒருவரும் மிஞ்சவில்லை என்பதை எழுதும்போது கை நிற்கிறது.

திமிங்கலக்காரர் போன பின்பும் பெயர்ப் பிரச்சினை தீரவில்லை. 1941இலிருந்து கனடா அரசாங்கம் ஒவ்வொரு இனுயிட்டுக்கும் ஒரு வட்ட வில்லை கொடுத்தது. அதில் கிரீடமும் ஓர் எண்ணும். கிழக்கே உள்ளவர் என்றால் எண்ணுக்கு முன் ஈ, மேற்கே என்றால் டபிள்யூ. கழுத்தில் கோத்துக்கொள்ள ஓட்டையும் இருக்கும். உச்சரிக்க வராத பெயரைவிட எண் வசதி என்று நினைத்தார்கள். 1970 வாக்கில்தான் ஏப்ரகாம் ஒக்பிக் என்ற இனுயிட் பெரியவர் ஊர் ஊராகப் போய், ஒவ்வொரு குடும்பத்தையும் கேட்டுக் குடும்பப் பெயர் பதிந்து அதற்கு முடிவு கட்டினார்.

எங்கள் அப்பாயி ஐந்து வயதில் மண்டபம் முகாம் வழியாக வந்தவர். கழுத்தில் தகரத் துண்டு கட்டிவிட்டார்கள் என்பார். அதில் தோட்டத்துக்கு ஓர் எழுத்து, அப்புறம் எண். "குளிருக்குத் தகரம் நெஞ்சில் பட்டால் சில்லென்று இருக்கும், அதைத் திருப்பித் திருப்பிப் பிடிச்சுக்கிட்டே வந்தேன்" என்று எழுபது வயதிலும் சட்டைப் பக்கம் கை வைத்துக் காட்டுவார். தகரம் எங்கே போனது என்று தெரியாது. அந்தக் கை இருக்கிறது என் கண்ணில்.

இப்போதும் அவர்கள் திமிங்கலம் பிடிக்கிறார்களா? அது சரியா?
– வாசகர், ஹட்டன்

பிடிக்கிறார்கள், மிகக் குறைவாக, அனுமதி பெற்று. என் எண்ணம், அது அவர்கள் உரிமை. வில்தலைத் திமிங்கலத்தை அழிவின் விளிம்புக்குக் கொண்டுபோனது கச்சைக் குச்சிக்கும் விளக்கு எண்ணெய்க்கும் வந்த கப்பல்கள். அதற்குத் தண்டனை மாதிரி அதை உண்ணாமல் இருந்தவர்கள் இனுயிட்டுகள். கனடாவில் இனுயிட்டுகள் வாழும் நுனாவுட் பகுதியில் 1996இல் நௌயாட் ஊரிலும், 1998இல் பங்னிர்டுங் ஊரிலும் மறுபடி ஒவ்வொரு திமிங்கலம் பிடித்தார்கள். பங்னிர்டுங், பழைய கெக்கெர்டன் தீவுக்கு ஐம்பது கிலோமீற்றர் வடக்கே இருக்கிறது. ஊரில் பார்வையாளர் நிலையம் ஒன்றுக்கு ஆங்மார்லிக் என்று பெயர். கெக்கெர்டனில் வேட்டைத் தலைவராக இருந்த இனுயிட்டின் பெயர் அது.

அந்தத் திமிங்கலம் எவ்வளவு காலம் வாழும் என்றும் கேட்டிருந்தீர்கள். இருநூறு வருடத்துக்கு மேலும் வாழும். 2007இல் அலாஸ்காவில் பிடித்த ஒன்றின் உடம்புக்குள், 1880 வாக்கில் அமெரிக்காவின் நியூ பெட்போர்டில் செய்த ஈட்டி முனையொன்று கிடந்தது. கொழுப்புக்கு உள்ளே, தோள்பட்டை எலும்புப் பக்கம், விரல் நீளத் துண்டு.